மௌனப்பட நடிகைக்கு இரண்டு ரசிகர்கள்

இருங்காட்டுக்கோட்டை ரூமில் நாங்கள் ஆறு பேர். மூன்று ஷிப்ட் என்பதால் எந்த நேரத்திலும் யாராவது இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சத்தம் கூடாது என்பது ரூம் சட்டம். இயர்போன் இல்லாமல் இல்லை. ஆனால் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் எட்டு மணி நேரம் காதடைப்பானோடு நின்றுவிட்டு வந்தவன் காதில் இன்னொன்றைச் செருகினால் எரியும். அதனால் போனில் எந்தப் படமானாலும் சத்தமில்லாமல்தான். வேலையிலும் தகடு அடிபடும் இரைச்சலில் பேச்சு எடுபடாது. 'நிறுத்து', 'அடுத்த தகடு', 'டீக்குப் போகலாமா' எல்லாம் கைஜாடைதான். வாய் என்று ஒன்று இருந்தது சாப்பிடத்தான்.

என் பக்கத்துப் பாய்க்காரன் தூத்துக்குடி. லைனிலும் என் பக்கத்தில்தான். அவன்தான் அந்த நடிகையைக் கண்டுபிடித்தான். நூறு வருஷத்துக்கு முந்தைய வெளிநாட்டு மௌனப் படங்கள். நடுநடுவே எளிய இங்கிலீஷில் எழுத்து வரும், அவ்வளவுதான்.

"ஏலே, உயிரோட இருக்கிற ஹீரோயின் எல்லாம் உனக்குப் பத்தலையா?" என்று கிண்டல் செய்தேன். பத்து நாளில் நானும் அவளுக்கு அடிமை. ஒரு படத்தில் புருஷன் சண்டை போட்டுவிட்டு வெளியே போவான். அவள் அழ மாட்டாள். அவன் மிச்சம் வைத்த ரொட்டியை நின்றபடியே தின்று முடித்துவிட்டு மேசையைத் துடைப்பாள். அந்த இடத்தை எத்தனை முறை பார்த்தோம் என்று கணக்கில்லை.

எழுத்து வருவதற்கு முன்பே அவன் சொல்லிவிடுவான். "இப்ப பாரு, 'போகாதீங்க'ன்னு சொல்லுவா." அதுவேதான் வரும். ரசிகன் என்றால் இவனல்லவா ரசிகன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அவளுக்கு நெட்டில் ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. அதில் எழுதுவதை அவன் மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் படிப்பான். அவளுக்குப் பதினாலு வயதில் ஒப்பந்தம். எதைச் சாப்பிட வேண்டும், யாரோடு வெளியே போகலாம் என்பதுகூடக் கம்பெனி சொல்வதுதான். எதிர்த்துப் பேசியதற்கு ஒரு வருஷம் சும்மா உட்கார வைத்தார்கள். பிறகு பேசும் படம் வந்தது. குரல் டெஸ்ட் எடுத்தார்கள். அடுத்த வாரம் அனுப்பிவிட்டார்கள். அவள் குரல் கீச்சுக் குரல் என்று ஒரு கட்சி, முதலாளி பழிவாங்கினான் என்று இன்னொரு கட்சி. இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். குரல் பதிவு மட்டும் எங்கும் இல்லை.

"கேக்காம எப்படில சொல்லுவான்?" என்று அவனுக்கு நிஜமாகவே கோபம் வரும். சொந்த அக்காவை யாரோ பேசியது மாதிரி முகம் சிவந்துவிடும்.

அந்த வருஷம் எங்கள் இரண்டு பேர் பெயரும் பெர்மனென்ட் லிஸ்டில் இருந்தது. அதற்கு முன் காது டெஸ்ட் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அன்று சாயங்காலம் என்னை மாடிக்குக் கூட்டிப்போனான். என் வாயையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மக்கா, எனக்கு ஒரு வருஷமா காது கேக்கல. இடது சுத்தமா இல்ல. வலதும் போயிட்டு இருக்கு. இந்த வேலை போச்சுன்னா வேற எவன்ல என்னைய எடுப்பான்?"

தலைக்குத் தலை வைத்துத் தூங்கியவன் நான், எனக்கே தெரியவில்லை. லைனிலும் ஜாடை, ரூமிலும் ஜாடை. எப்படித் தெரியும் என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். கேட்கிறவனெல்லாம் எழுத்துக்குக் காத்திருந்தபோது அவன் அவள் முகத்தைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று இப்போதும் தெரியாது.

வழி சொன்னவன் நான்தான். ஹெட்போனில் சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும், அதுதான் டெஸ்ட். டெஸ்டுக்கு நான் முதலில் போவேன், எத்தனை எண்ணிக்கைக்கு ஒரு முறை சத்தம் வருகிறது என்று பார்த்து வந்து சொல்வேன், அவன் அந்தக் கணக்குப்படி பட்டனை அமுக்கினால் போதும். பிரஸ்ஸில் வேலை செய்கிறவன் மூளை அப்படித்தான் போகும். மெஷின் என்றால் ஒரே தாளத்தில்தான் அடிக்கும் என்று நினைத்தேன். அதை ஒரு மனுஷி தன் இஷ்டத்துக்கு அமுக்குவாள் என்று தோன்றவே இல்லை.

போனேன், எண்ணினேன், வந்து விரலில் காட்டினேன். அவன் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் ஹெட்போனை மாட்டினான். நான் வாசலில் நின்றேன். பட்டனை அமுக்கினான். நான் சொன்ன அதே கணக்கில், பிசகாமல், அமுக்கிக்கொண்டே இருந்தான். டெஸ்ட் எடுக்கும் அம்மா மெஷினைத் தொடவே இல்லை. பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவன் வெளியே வந்து அவர் பக்கத்திலேயே நின்றான். அவர் குரலைத் தாழ்த்தாமல் என்னிடம் சொன்னார்: "இன்னாபா இது? நான் சவுண்டே குடுக்கல, இவரு பாட்டுக்கு அமுத்திக்கினே கீறாரு. சுத்தமா கேக்கல இவருக்கு."

அவன் சிரித்தபடி என் முகத்தைப் பார்த்தான். எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே எதுவும் அசையவே இல்லை. உதட்டை இழுத்துச் சிரித்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

அவன் என் உதட்டையும் கண்ணையும் பார்த்தான். பிறகு என் விரலைப் பிடித்து மடக்கினான்.

"நடிக்காதல," என்றான். "உனக்கு வரல."