கட்டைவிரல் காட்டினால் மேலே

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று கேட்டுச் சண்டைக்கு நிற்பேன். இருபது வருடமாகப் படகு ஓட்டுகிறேன். 'அலைகூட உங்களைப் பார்த்துத்தான் அடிக்குது' என்பாள் என் மனைவி. அப்படிப்பட்ட எனக்கு, வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத ஒருவர் தங்கை மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தார்.

ஆழ்கடலுக்குள் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிற கம்பெனியில் அவர் வழிகாட்டி. அந்தக் கம்பெனியின் படகைத்தான் நான் ஓட்டுகிறேன். துறைமுகத்தில் எல்லோரும் அவரை ஆமை என்பார்கள். பொருத்தமான பெயர்தான். மற்ற வழிகாட்டிகள் சிலிண்டரை மாட்டிக்கொண்டு தொபுக்கென்று குதிப்பார்கள். இவர் தன் வார் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பார். பிறகு வந்தவர்களின் வார்களையும் இழுத்துப் பார்ப்பார். சிலிண்டரைத் திறந்து, காற்று மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே வாய்க்குழாயில் நாலு மூச்சு இழுப்பார். அதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

நான் கடலுக்குள் இறங்கியதில்லை. ஆனால் இறங்கி வந்தவர்கள் சொல்வார்கள்: உள்ளே அவர் தரையைத் தொடுவதே இல்லையாம். காலை உயர்த்தியே நீந்துவாராம், ஒரு துளி மணல்கூடக் கலங்காதாம். கூட வருகிறவர்களில் யார் மெதுவோ அவருடைய வேகம்தான் இவருடைய வேகம்.

இந்தக் குணத்தால்தான் வேலைக்கே ஆபத்து வந்தது. ஜலதோஷத்தோடு வந்த ஒருவரை, காது அடைச்சிரும் என்று படகிலேயே உட்கார வைத்துவிட்டார். அது முதல் புகார். இன்னொரு நாள், ஒருவருக்குக் காற்று பாதிக்கு வந்ததும் நாலு பேரையும் திருப்பிக் கூட்டிவந்தார். அது இரண்டாவது. முதலாளி கூப்பிட்டு, "இன்னொரு புகார் வந்துச்சுன்னா நீ வேற இடம் பாத்துக்க," என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் இந்த வேலைக்கு வேறு இடம் கிடையாது. ஏழு மாதக் கர்ப்பிணியான என் தங்கையைக் கூட்டிக்கொண்டு அவர் எங்கேயோ போக வேண்டியதுதான். தங்கை எதிர் வீட்டில் இருக்கிறாள் என்ற நிம்மதியில் தூங்குகிறவன் நான்.

அந்தச் சமயத்தில்தான் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் மகளோடும் மருமகனோடும் வந்தார். வயது அறுபத்தொன்று. கடலடியில் மூழ்கிக் கிடக்கிற பழைய சரக்குப் படகைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். மகளுக்குத் துளியும் இஷ்டமில்லை. "இந்த வயசுல இதெல்லாம் தேவையாம்மா?" என்று காலையிலிருந்து பத்து தடவையாவது கேட்டிருப்பாள். மருமகனும் கூட இறங்குவதாகச் சொன்ன பிறகுதான் சம்மதித்தாள்.

இரண்டு நாள் நீச்சல் தொட்டியில் பயிற்சி. தண்ணீருக்குள் பேச முடியாது, எல்லாமே கைதான். விரலை வட்டமாகப் பிடித்தால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போகணும். மருமகன் உற்சாகத்தில் சும்மா சும்மா கட்டைவிரலை உயர்த்த, டீச்சர் அவர் மணிக்கட்டில் பட்டென்று ஒன்று போட்டார். "அது மேல போறதுக்கு. எத்தனை தடவை சொல்றாங்க?" நான் கரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

மூன்றாம் நாள் கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. டீச்சர், மருமகன், ஆமை மூன்று பேரும் இறங்கினார்கள். நாற்பது நிமிடம் ஆகும் என்று நான் டீ ஊற்றினேன். பாதிகூடக் குடித்திருக்க மாட்டேன், மூன்று தலையும் மேலே வந்துவிட்டன.

"நல்லா வீடியோ எடுத்துட்டு இருந்தேன், ஏன் சார் மேல வந்தோம்?" என்று மருமகன் குதித்தார்.

ஆமை டீச்சரை ஏணியில் ஏற்றினார். மகள் ஓடிவந்தாள். "என்னம்மா ஆச்சு? பயந்துட்டியா? நான் அப்பவே சொன்னேன்ல?"

டீச்சர் மாஸ்க்கைக் கழற்றினார். முகம் வெளுத்திருந்தது. "நான் எதுக்குப் பயப்படறேன்? சூப்பரா இருக்குன்னு கட்டைவிரலைக் காட்டினேன். இவர்தான் தப்பா நெனச்சு மேல கூட்டிட்டு வந்துட்டார்."

ஆமை அவரை ஒரு கணம் பார்த்தார். "ஆமாங்க. என் தப்புதான். மன்னிச்சிடுங்க."

மருமகன் கரை சேர்ந்ததும் நேரே முதலாளியிடம் போனார். சாயங்காலமே முடிவாகிவிட்டது. மறுநாள் காலையில் சிலிண்டர் அறைச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகும்படி ஆமையிடம் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான் கத்தினேன். "ஏன் மாப்ள, அந்தம்மா சந்தோஷத்துல காட்டுதா, பயத்துல காட்டுதான்னு கூடவா தெரியல உங்களுக்கு?"

"கை காட்டினாங்க, வந்துட்டோம். விடுங்க மச்சான்."

என் தங்கை வாசலில் நின்றாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தே புரிந்துகொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் ஆமை தொட்டியில் கடலுக்குள் இறங்குகிற உடைகளை அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். போகிற அன்றைக்கும் அந்த வேலையை விடவில்லை. முதலாளி சாவிக்காக நின்றிருந்தார். அப்போது டீச்சர் மகளோடு உள்ளே வந்தார். ராத்திரி தூங்காத கண்.

"நேத்து மேல போகணும்னு நான்தான் சொன்னேன்," என்றார் முதலாளியிடம். "கீழ போனதும் மூச்சு முட்டற மாதிரி ஆயிடுச்சு. மகள் முன்னாடி பயந்தேன்னு சொல்ல வெக்கமா இருந்தது. முப்பது வருஷம் பிள்ளைங்களைப் பொய் சொல்லக் கூடாதுன்னு அடிச்சவ நான். இவர் மேல பழியைப் போட்டுட்டேன்."

எனக்கு அப்போதுதான் மணிக்கட்டில் விழுந்த அடி ஞாபகம் வந்தது. அந்த விரலுக்கு என்ன அர்த்தம் என்று டீச்சருக்குத் தெரியாமல் இருக்குமா? எனக்கே தெரிந்திருக்க வேண்டும். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "படகுல எண்ணெய் இருக்கா பாரு," என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சாவியை வாங்காமலே போனார்.

நான் ஆமையை ஓரமாக இழுத்துப்போனேன். "உங்களுக்கு நேத்தே தெரியும். ஏன் மாப்ள வாயைத் திறக்கல?"

"அவங்க மூச்சு விட்ட வேகத்துலயே தெரிஞ்சுது மச்சான். ஆனா மேல வந்தவங்கள ஏன் வந்தேன்னு கேக்கக் கூடாது. எல்லார் முன்னாடியும் கேள்வி கேட்டு நிக்க வெச்சா, அடுத்த தடவை பயந்தாலும் விரலைக் காட்ட மாட்டாங்க. பல்லைக் கடிச்சிட்டுக் கீழயே இருப்பாங்க. அப்புறம் நான் என்ன பண்ண?"

"அதுக்காக வேலையையா விடுவீங்க?"

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு," என்றார். "ராத்திரி முழுக்க உங்க தங்கச்சி வயித்துல கை வெச்சிட்டே படுத்திருந்தேன்."

அன்றைக்கே டீச்சர் மறுபடி இறங்கினார், ஆமையும் அவரும் மட்டும். மகள் படகில் என் பக்கத்தில் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினைந்தாவது நிமிடம் இரண்டு தலைகள் மேலே வந்தன. டீச்சரின் கட்டைவிரல் இன்னும் மடங்கவில்லை.

மகள் வாயைத் திறந்தாள். நான் அவள் கையில் துண்டைத் திணித்து, "அம்மாவுக்குக் குடுங்க," என்றேன். 'ஏன்' என் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு டீயை ஊற்றினேன்.

டீச்சர் உட்கார்ந்தார், தலையைத் துவட்டினார். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. பாதி டீயைக் குடித்த பிறகு அவராகவே சொன்னார்.

"அந்தப் பழைய படகோட மூக்கு வரைக்கும் போயிட்டேன். மீதியை நாளைக்குப் பாக்கறேன்."