கொலை எழுத வராத கணினி

லிஃப்ட் மெக்கானிக்கிடம் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, வெளியே சுற்றுகிற வழக்கமும் கிடையாது. மாமனார் இதையெல்லாம் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுத்தான் பெண் கொடுத்தார். கணினியைப் பற்றி விசாரிக்க அவருக்குத் தோன்றவில்லை.

அது கடையில் கிடைக்கிற ரகமில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகை. ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கும் ஆர்வலர்கள் இணையத்தில் ஒரு குழுவாகச் சேர்ந்து, பொழுதுபோக்குக்காகச் செய்தது. மற்ற கணினிகளில் ஓடுகிற எதுவும் அதில் ஓடாது. லினக்ஸ் மட்டும் ஓடும், அதுவும் கெஞ்சினால். யார் வேண்டுமானாலும் பிரித்து மாற்றிக்கொள்ளலாம் என்று இலவசமாக விட்டிருந்த இயங்குதளம் அது என்பதால், மெக்கானிக் பிரித்தான், மாற்றினான், திரும்பப் பிரித்தான். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் முறையாகக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து நின்றபோது, மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினான்.

அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜைக்காரி. வாயைத் திறந்தபடி வருபவர்களை நாளெல்லாம் பார்த்துப் பழகியவள். கணவனும் அப்படித்தான் நின்றான்.

"நல்லாருக்கு. இதை வச்சு என்ன பண்றது?" என்றாள்.

கேள்வி சின்னதுதான். ஆனால் அது அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அன்றாட வாழ்க்கைக்கு இது எவ்வளவு உதவும் என்று நிரூபித்தே தீருவதென்று இறங்கினான். முதலில் அலாரமாக்கினான். கரண்ட் போய் வந்தால் அந்தக் கணினியின் கடிகாரம் 1970-ஆம் வருடத்துக்குப் போய்விடும். ஐம்பது வருடம் பிந்தி எழுப்புகிற அலாரத்தை நம்பி இரண்டு பேரும் ஒரு நாள் வேலைக்குத் தாமதமாகப் போனார்கள். பிறகு வானிலை சொல்ல வைத்தான். அது யோசித்து முடிப்பதற்குள் அவள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். கல்யாணப் படங்களை ஏற்றினான். படம் மேலிருந்து கீழாக, திரைச்சீலை இறங்குகிற வேகத்தில் வந்தது. மாப்பிள்ளையின் தலைமுடி வந்து வெகுநேரம் கழித்துத்தான் முகம் வரும். மச்சான் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு, முகம் வராமலே நிறுத்திவிட்டால் படம் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மெக்கானிக் சோர்ந்து, கணினியைச் சமையலறைக்குப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டான். இனி அது எதற்கும் உதவாது என்று விட்டுவிட்ட நேரத்தில்தான், ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது, அவள் அதன் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள்.

காரணத்தை அவளே சொன்னாள். அவளுக்குக் கொஞ்ச நாளாக ஏதோ எழுத வேண்டும்போல் இருந்தது. போனில் எழுதினால் நடுவில் யாராவது கூப்பிடுகிறார்கள், இல்லாவிட்டால் புடவை விற்கிறார்கள். மருத்துவமனைக் கணினியில் எழுதினால் டாக்டர் எட்டிப் பார்க்கிறார். இதில்தான் ஒரு தொல்லையும் இல்லை. எழுத்தைத் தவிர எதுவும் வராது. தன் கணினிக்குக் கிடைத்த முதல் பாராட்டு, அதனால் எதுவும் முடியாது என்பதுதான் என்று புரிந்துகொள்ள மெக்கானிக்குக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்த பிறகும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

என்ன எழுதுகிறாள் என்று அவன் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்துச் சாப்பிடும்போது அவளாகவே, "ஏங்க, ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னா, உள்ளே இருக்கிற ஆளுக்கு மூச்சு முட்டுமா?" என்று கேட்டாள்.

இத்தனை வருடத்தில் அவனுடைய தொழிலைப் பற்றி வீட்டில் எழுந்த முதல் கேள்வி அது. கை காய்கிற வரைக்கும் உட்கார்ந்து விளக்கினான். காற்றுக்கு வழி உண்டு, மூச்சு முட்டாது; கயிறு ஒன்றல்ல, பல; எல்லாமே அறுந்தாலும் பெட்டியைக் கவ்விப் பிடிக்க ஏற்பாடு இருக்கிறது. அவள் முகம் வாடிக்கொண்டே போனது.

"அப்ப உங்க லிஃப்ட்ல யாரையும் சாகடிக்கவே முடியாதா?"

அப்போதுதான் தெரிந்தது, அவள் எழுதுவது ஒரு கொலைக் கதை என்று. செத்துப்போகிறவர் ஒரு பல் டாக்டர்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் கணினிக்குத் தமிழ் அரைகுறை. முன்னால் வர வேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், நடுவில் புள்ளிகளாலான வட்டம் ஒன்று வந்து உட்காரும். டாக்டரின் கையெழுத்தைப் படித்துப் பழகியவள் என்பதால் அதையும் குத்துமதிப்பாகப் படித்துச் சமாளித்தாள். ஆனால் 'கொலை' என்ற சொல்லில் மட்டும் இரண்டு எழுத்துமே சிதைந்தன. பக்கத்துக்குப் பத்து தடவை வருகிற சொல். கொஞ்ச காலம் 'தீர்த்துக்கட்டினான்' என்று ஓட்டிப் பார்த்தாள். ஒரே டாக்டரைத் தீர்த்துக்கட்டிக்கொண்டே இருந்தால் படிப்பவனுக்கு அலுக்காதா என்று கடைசியில் அவனிடமே முறையிட்டாள்.

மெக்கானிக் குழுவில் விவரத்தை எழுதிப் போட்டான். கடல் கடந்த நாட்டிலிருந்து ஒருவர், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், அது ஏன் இவ்வளவு அவசரமாகத் தேவைப்படுகிறது என்று விசாரித்தார். அர்த்தத்தைச் சொல்லி, கேட்பது தன் மனைவி என்றும் சொன்னான். அதற்குப் பிறகு குழுவில் எல்லாரும் வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக உதவினார்கள்.

சரிசெய்த புதுப் பதிப்பு வந்தது. அவள் மருத்துவமனைக்குப் போயிருந்தபோது ஏற்றினான். கணினி அப்படியே படுத்துவிட்டது. உள்ளே கதை முழுவதும் இருந்தது. வேறு பிரதி எடுத்துவைக்க அவனுக்குத் தோன்றவில்லை. அவள் வந்து பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "லிஃப்ட்ல ஆள் இருக்கும்போது பிரிப்பீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவனுக்கு அது சுருக்கென்றது. பொழுதுபோக்கு என்று பிரித்த நாட்களில் எது கெட்டாலும் கவலை இருந்ததில்லை. உள்ளே யாரும் இல்லை. இப்போது ஆள் இருந்தது. லீவு போட்டு உட்கார்ந்து, மெமரி கார்டைக் கழற்றி வேறொரு கணினியில் செருகி, வரி வரியாகத் தேடி, கதையை ஒரு எழுத்து குறையாமல் மீட்டு, புதுப் பதிப்பையும் சரியாக ஏற்றி முடித்தான். திரையில் 'கொலை' கொம்பும் காலுமாக ஒழுங்காக நின்றது. அவள் அதை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தாள்.

"அழகா இருக்கு. இனிமே இதைத் தொடாதீங்க" என்றாள்.

அவன் தொடவில்லை. குழுவில் அடுத்தடுத்துப் புதுப் பதிப்புகள் வந்தன. சோதித்துப் பார்த்தாயா என்று கேட்டவர்களுக்கு, கணினி உபயோகத்தில் இருக்கிறது என்று பதில் போட்டான். யாரும் நம்பவில்லை. அந்தக் குழுவில் யாருடைய கணினியும் அதுவரை உபயோகத்தில் இருந்ததில்லை. ஆளாளுக்கு அதை ஓட வைப்பதில்தான் மும்முரமாக இருந்தார்கள். அவன் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, நடந்ததால் ஞாயிற்றுக்கிழமைகளில் கை வைக்க ஒன்றும் இல்லாமல், வீட்டுக் குழாய்களைத் தேவையில்லாமல் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

கதை ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. மருத்துவமனையில் டாக்டர் படித்துவிட்டு, அன்றிலிருந்து அவளிடம் தன்மையாகப் பேச ஆரம்பித்தார். கம்பெனியில் மற்ற மெக்கானிக்குகளும் படித்தார்கள். அவர்களுக்கு வேறு குறை. ஒரே கயிறு அறுந்து லிஃப்ட் கீழே போகிறதாம், கவ்விப் பிடிக்க ஒன்றுமே இல்லையாம். வீட்டிலேயே மெக்கானிக்கை வைத்துக்கொண்டு இப்படியா எழுதுவது என்று அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னான். படித்துப் படித்துச் சொல்லியும் கேட்கவில்லையே என்று குறைப்பட்டான்.

"நீங்க சொன்ன மாதிரி எழுதினா டாக்டர் பிழைச்சுக்குவாருங்க" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.