மை தடவிய பிறகு கேட்ட கேள்வி

நான் மதுரையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்திருந்த நேரம் அது. ராஜபாளையத்தில் இருந்த எங்கள் மாந்தோப்பில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க, அப்பா என்னைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போனார். அங்கே போய், "எம் மக வக்கீலுக்குப் படிக்கா" என்று எல்லோரிடமும் பெருமை வேறு!

பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா என் கட்டைவிரலில் மையைத் தடவினார். அதற்குப் பிறகுதான் பதிவாளர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "மனசாரத்தான எழுதிக் குடுக்க?"

"ஆமா சார்" என்றார் அப்பா.

சம்மதம் என்றால் என்ன என்று வகுப்பில் வாரக்கணக்கில் படித்தவள் நான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"சார் என்னையத்தான கேக்காரு?" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பதிவாளரைப் பார்த்தேன். "இல்ல சார். நான் மனசார எழுதல."

பத்திரம் பதிவாகவில்லை. வெளியே வந்ததும் அப்பா கத்தினார்: "ஏட்டி, ஒன்னையப் படிக்க வச்சது ஊரான் வழக்கப் பேசத்தான். வீட்டுல பேசுறதுக்கில்ல!"

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. எந்தப் பெண் பத்திரத்தோடு வந்தாலும், கூட வந்த ஆண்களை முதலில் வெளியே போகச் சொல்லிவிட்டுத்தான் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.