குட்டி தூக்கத் தெரியாதவள்

விலங்குக் காட்சிசாலையில் அவளைக் 'குட்டியக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ கதவு நிலை இடிக்கும் உயரம். பத்தொன்பது வருடமாக மார்மோசெட் குரங்குகளைப் பார்த்துக்கொண்டவள். அணில் பருமன்தான் இருக்கும் அவை. ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவை இரட்டைப் பிள்ளை பெறும். கூண்டுகள் நிரம்பி வழிந்தன. வாங்கிக்கொள்ளவும் ஆளில்லை.

"அரிசி மாதிரி ஒரு ஹார்மோன் குச்சி. முதுகுல தோலுக்கடியில வெச்சுட்டா ரெண்டு வருஷம் கரு தங்காது," என்றார் மருத்துவர்.

மயங்கிக் கிடந்த தாய்க்குரங்கைக் கையில் ஏந்தியபடி அவள் கேட்டாள்: "டாக்டர், தம்பி தங்கச்சியத் தூக்கித்தான் இதுங்க பிள்ளை வளர்க்கவே கத்துக்கும். கடைசியாப் பொறந்த ரெண்டும் இதுவரைக்கும் யாரையும் தூக்கினதில்லையே?"

"தெரியும்மா. இடத்துக்கு நான் எங்க போவேன், சொல்லு."

அவள் தாய்க்குரங்கின் முதுகை மருத்துவர் பக்கம் திருப்பிக் கொடுத்தாள். குச்சி உள்ளே போயிற்று. இரண்டு வருடம் கழித்து இன்னொன்று.

ஐந்தாம் வருடம் வேறொரு காட்சிசாலை குட்டி கேட்டது. கடைசியாகப் பிறந்த இரண்டில் பெண்குரங்கை வெளியிலிருந்து வந்த ஆணோடு சேர்த்தார்கள். அது சினையானதும் குட்டியக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "நம்ம பொண்ணு மாசமா இருந்தப்பகூட நீ இப்படி ஓடலயே," என்று புருஷன் கேலி செய்தார்.

ஒரு காலையில் இரண்டு பிறந்தன. முதுகில் ஏறப் பார்த்த குட்டியை அந்தப் பெண் ஏதோ பூச்சி ஒட்டிக்கொண்டதுபோலக் கிளையில் தேய்த்து உதறியது. ஆண் முகர்ந்துவிட்டு மேலே ஓடிவிட்டது.

"எடுத்துரட்டுமா டாக்டர்?"

"எடுத்தா அப்புறம் சேர்க்கவே சேர்க்காது. கொஞ்சம் பொறு."

அவள் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தூக்குடி, உன் பிள்ளைதான்டி," என்று கெஞ்சினாள். ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்து அடங்கியது. மற்றதை எடுத்து, மூன்று நாள் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டினாள். நான்காம் நாள் மத்தியானம் அது பாலை விழுங்கவில்லை. அவள் உள்ளங்கையிலேயே குளிர்ந்துபோனது.

"முதல் ஈத்து அப்படித்தான். அடுத்த தடவை தூக்கிக்கலாம்," என்றார் மருத்துவர். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "ஆனா குட்டி கேட்டவங்க வேற இடத்துல வாங்கிட்டாங்களாம். இதுக்கும் குச்சி வைக்கச் சொல்லி நம்ம மேலிடத்துல சொல்லிட்டாங்க," என்றார்.

அவள் வாளியை எடுத்துக்கொண்டு கூண்டைக் கழுவப் போனாள். கிளையிலிருந்து அந்தப் பெண் எப்போதும்போல் அவள் தோளில் குதித்து, சட்டைப்பையில் பழம் தேடியது. திட்ட வாயெடுத்தவள், பழத்தை எடுத்துக் கொடுத்தாள்.