நாத்தனார் வைத்த பரீட்சை

எங்கள் தடய அறிவியல் கூடத்தில் அவருக்குச் செருப்பக்கா என்று பெயர். குற்றம் நடந்த இடத்தில் பதிந்த தடம் யாருடைய ஷூவினுடையது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. பஸ்ஸில்கூட எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார்.

அடிப்பாகத் தேய்மானத்தை ஒப்பிட அவர் புதிதாக ஒரு முறையை உருவாக்கியிருந்தார். திருட்டு வழக்கில் பிடிபட்ட ஓர் இளைஞன் அதன் முடிவுக்காகச் சிறையில் காத்திருந்தான். ஆனால் முறையைச் சோதிக்காமல் வழக்கைத் தொடக் கூடாது. விடை தெரியாத தடங்களை அவரிடமே கொடுத்துப் பார்க்க வேண்டும். பொருந்தாத ஷூவுக்குத் தவறாக ஒரு 'ஆம்' வந்தாலும் முறை குப்பைக்குத்தான்.

கூடத்தில் எல்லோருடைய செருப்பும் அக்காவுக்கு மனப்பாடம். அதனால் தையல்காரரான அவர் கணவர், கடைக்கு வருபவர்களின் செருப்புகளையும் அவற்றின் தடங்களையும் கொண்டுவந்து பக்கத்திலேயே உட்கார்ந்தார். அக்கா அத்தனையும் சரியாகச் சொன்னார். டீ வாங்கிக் கொண்டாடினோம். கணவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"சரியான ஜோடி மேல நீ கைய வெச்சப்பல்லாம் லேசா இருமினேனே, கவனிச்சியா?"

அக்காவின் டீ பாதி வழியில் நின்றது.

"சளின்னுல்ல நெனச்சேன்! இப்ப அந்தப் பையனுக்குத் தீர்ப்பு சொல்றது என் முறையா, உங்க இருமலா?"

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நான் சொன்னதெல்லாம் சரி என்றே சொல்லி வளர்த்தார்கள். எனக்காக எத்தனை பேர் இருமியிருப்பார்களோ என்று அன்று சந்தேகம் வந்தது.

"எனக்கு வேண்டியவங்க யாரும் வேண்டாம்" என்றார் அக்கா. "நான் தோத்தா சந்தோஷப்படற ஆள் வேணும்."

கணவர் யோசிக்கவே இல்லை. தன் தங்கைக்குப் போன் போட்டார்.

நாத்தனார் செருப்பு மூட்டையோடு வந்து இறங்கினார். முதல் வேலையாக அண்ணனை வெளியே அனுப்பினார். பிறகு தானும் அடுத்த அறைக்குப் போய், விடை தெரியாத என்னிடம் தடம் பதித்த தாள்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தனுப்பினார். அக்கா தடுமாறவில்லை. கடைசித் தாளில் மட்டும் வெகுநேரம் குனிந்திருந்தார்.

"இத என்னால சொல்ல முடியாது."

நாத்தனார் கைதட்டிக்கொண்டு ஓடி வந்தார். ஒரே கடையில், ஒரே அளவில், ஒரே நாளில் வாங்கிய இரண்டு புது ஜோடிகளில் ஒன்றின் தடம் அது.

"தெரியலன்னு சொல்றதுக்கா அண்ணி உனக்குச் சம்பளம்?"

"பாதிச் சம்பளம் அதுக்குத்தான்டி."

தேயாத புது ஷூவுக்கு இந்த முறை உதவாது என்று அறிக்கையில் எழுதினோம், முறை ஏற்கப்பட்டது. இளைஞனின் ஷூ நன்றாகத் தேய்ந்த பழைய ஷூ. திருட்டு நடந்த இடத்துத் தடத்தோடு அது பொருந்தவில்லை. அவன் வெளியே வந்தான்.

அதற்குக் காரணமே நாத்தனார்தான் என்று தெருவெல்லாம் பேச்சு. கிளப்பியவரும் நாத்தனார்தான்.