விராலுக்கு முதலில் எதைக் காட்டுவது?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஹாலிஎலப் பக்கத்துக் குளம் ஒன்றில், ஒரு விரால் மீனுக்கு நான் ஜவுளிக்கடை நடத்தினேன்.

சிரிக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

பதுளைக் கடைவீதியில் துணி அளந்து கிழிக்கிறவன் நான் என்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பேச்சு வராதவன் என்பதும் தெரியும். இவ்வளவு பேசுவது தாளில் மட்டும்தான். கடையில் ஆளைப் பார்த்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். புடவையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வேன். அதனால்தான் ஓய்வு கிடைத்தால் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது. மீன் எதையும் கேட்காது, பாருங்கள்.

ஆனால் போன ஞாயிறு போனது பொழுதுபோக்குக்கு அல்ல.

என் மனைவிக்கு மலேரியா வந்து போயிருந்தது. காய்ச்சல் விட்டது, வாய்க்கசப்பு விடவில்லை. கொயினா மருந்து குடித்துக் குடித்து, எதை வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். "காய்ச்சல் போயிடுச்சு. இனிமே சாப்பிடாட்டித்தான் ஆபத்து" என்று வைத்தியர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

சனிக்கிழமை ராத்திரி அவளே மெல்லச் சொன்னாள் — "விரால் மீன்னா ஒரு வாய் திங்கலாம் போல இருக்கு."

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் வாயால் கேட்ட முதல் பண்டம்! பதுளைச் சந்தையில் ரயிலேறி வந்த கடல் மீன் இருக்கும், கருவாடு இருக்கும். விரால்? நாமே போய்ப் பிடித்தால்தான் உண்டு.

துணைக்கு நானா வந்தார் — முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவது. எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஆணி, பூட்டு, தூண்டில் முள் எல்லாம் விற்கிறவர். எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவதால் எங்கள் சிநேகிதம் நீடிக்கிறது.

வயலோரக் குளம். பாதித் தண்ணீரை அல்லி இலை மூடியிருந்தது. விராலுக்கு ஒரு பழக்கம் — மூச்சு வாங்க அவ்வப்போது மேலே வந்தாக வேண்டும். நாங்கள் போய் நின்ற கொஞ்ச நேரத்திலேயே இலைகளுக்கு நடுவில் 'களுக்' என்று ஒரு சத்தம். வட்டம் விரிந்தது.

"அந்தா ஈக்குது! பெரிய சாமான்" என்றார் நானா.

என்னிடம் இருந்தவை இரண்டு போலி இரைகள். ஒன்று நானா கடையில் வாங்கிய பித்தளைத் தகடு. தேயிலைத் தோட்டத்துத் துரைமார் போடுவது போல மினுமினுக்கும். இன்னொன்று தவளை — கடையில் மிஞ்சிய பச்சை வெல்வெட் துண்டில் பஞ்சை அடைத்து, வயிற்றுக்கடியில் முள்ளை மறைத்து நானே தைத்தது. இலைக்கு நடுவே போடத் தவளைதான் பொருத்தம். அது எனக்கும் தெரியும்.

"தவளையப் போடுங்க தம்பி."

நான் தகட்டைக் கட்டினேன்.

ஏன்? தொழில் புத்தி! மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் கல்யாணப் புடவை எடுக்க வருகிறது. எடுத்த எடுப்பில் நல்ல பட்டையா விரிப்போம்? மாட்டோம். சுமாரானதை முதலில் விரிப்போம். "இதவிட நல்லதா இல்லீங்களா?" என்று அவர்கள் கேட்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக ஏறிப் போய், கடைசியில் பட்டு. இத்தனை வருஷமாகக் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. நல்லதை முதலிலேயே எடுக்க மனசு வரவில்லை.

வீசினேன். தகடு தண்ணீரில் 'பட்' என்று விழுந்தது. விழுந்த வேகத்தில் அல்லித் தண்டில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன். இலைக் கூட்டம் மொத்தமும் ஆடியது. அடியிலிருந்து ஒரு பெரிய கலக்கல் கிளம்பி, அம்பு போல அக்கரைக்கு ஓடியது.

நானா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, மீன் என்ன கல்யாணத்துக்குப் பொடவ எடுக்கவா வந்தீக்குது? ஒண்ணொண்ணா விரிச்சுக் காட்டுறீங்க!"

தண்டில் மாட்டிய தகட்டைப் பிடுங்கி எடுத்து அவிழ்த்தேன்.

தவளையைக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய் உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. வீட்டில் அவள் கேட்டது ஒரு வாய் மீன்; அதையும் நானே விரட்டிவிட்டேனே! இரண்டு கோல் எட்டத்தில் எங்கேயோ அது இருக்கிறது... எவ்வளவு நேரம் மூச்சை அடக்கும்?

நானா பாதிச் சுருட்டில் இருந்தபோது, கரையோரம் விழுந்து கிடந்த மரத்தடியில் மறுபடி 'களுக்'.

இந்தத் தடவை யோசிக்கவில்லை. தவளையை மரத்தின் மேலேயே விழ விட்டு, மெதுவாகத் தண்ணீருக்குள் குதிக்க வைத்தேன். தண்ணீர் வெடித்தது!

"இழுக்காதீங்க! வாயில போகட்டும்... போகட்டும்... இப்ப!"

மூங்கில் தூண்டில் வளைந்த வளைவில் முறிந்துவிடும் என்றே நினைத்தேன். முறியவில்லை. என் முன்கை நீளத்துக்கு ஒரு விரால் புல்லில் கிடந்து துள்ளியது.

மத்தியானம் நானே சமைத்தேன். அவள் பாயில் படுத்தபடி, "மிளகு போதும்... புளியக் கொறைங்க" என்று சொல்லச் சொல்லச் செய்தேன். வைத்தியர் சொன்ன முறைப்படி முதலில் கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினேன். முகம் திரும்பிவிட்டது.

"இத ரெண்டு மடக்கு குடி. அப்புறம் மீன் தர்றேன்."

"கஞ்சியப் பாத்ததுமே வயிறு மூடிக்குது. அப்புறம் மீனு எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் அவள் முன்னால் நான் முதலில் நீட்டியது எல்லாம் கஞ்சிதான்! ஒருமுறை முகம் சுளித்த பிறகு, பின்னால் வருவது எவ்வளவு நல்லதாக இருந்தால் என்ன? விலை பேச உட்கார்ந்தவர்தான் அடுத்த புடவைக்குக் காத்திருப்பார். மீனும் நோயாளியும் காத்திருப்பதில்லை.

கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். நடுத்துண்டு ஒன்றை முள் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். மோந்து பார்த்தாள். ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய். பிறகு தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், "அந்தக் கஞ்சியையும் இங்க குடுங்க" என்றாள். நான் அடுப்பைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நான் சாப்பிட உட்கார்ந்தபோது சட்டியில் மீன் தலை மட்டும் மிஞ்சியிருந்தது. "எனக்கு இதுதானா?" என்றேன்.

"நல்லதக் கடைசியிலதான் குடுக்கணும்னு நீங்கதான சொல்வீங்க!"