ஐம்பத்தெட்டுக் கிலோ

புஷ்பராஜ் மோட்டார் சைக்கிளின் பின்சீற்றை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டு, அது மேலெழும்பும் சத்தத்தைக் காதைச் சாய்த்துக் கேட்கிறார். பிறகு முன்பக்கம் போய் ஹாண்டிலை இடமும் வலமும் ஆட்டிப் பார்க்கிறார். பல் துலக்குவதெல்லாம் இதற்குப் பிறகுதான். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்குக் கீழே, என் பல்கனிக்கு நேரே தினமும் ஆறரைக்கு இது நடப்பதால் எனக்கு மணிக்கூடு தேவைப்படுவதில்லை.

வயது ஐம்பத்திரண்டு. கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக்கர். இரும்பைத் தொடவே தேவையில்லாத உத்தியோகம். ஆனால் வண்டியைப் பற்றி வாய் கொடுத்தால் தொலைந்தோம். முன் ரயருக்கு எவ்வளவு காற்று, பின்னுக்கு எவ்வளவு என்று படிக்கட்டில் மறித்துவைத்துப் பாடம் எடுப்பார். ஒருநாள் என் கையிலிருந்த ஐஸ்கிரீம் உருகிக் காலில் ஒழுகியதுகூட அவர் கண்ணில் படவில்லை.

இவ்வளவு மினக்கெட்டும் அந்த வண்டி ஒரே ஒருவருக்கு மட்டும் அடங்காது. தனியே போனால் நூல் பிடித்தாற்போல் ஓடும். மனைவி பிறிஜெற் பின்னால் ஏறினால் முன்பக்கம் இலேசாகி, வளைவில் ஹாண்டில் நடுங்கும். பின் ஸ்பிரிங் அமிழ்ந்தால் அப்படித்தான். ஏறுகிறவரின் பாரத்துக்கு ஏற்ப அதை இறுக்க வேண்டும். அதற்கென்றே இரண்டு பக்க ஸ்பிரிங்கின் அடியிலும் பல்லுப் பல்லாய் ஒவ்வொரு வளையம் இருக்கிறது. உமது நிறை எவ்வளவு என்று மனைவியிடம் கேட்டார். ஐம்பத்தெட்டு என்று பதில் வந்தது. அதற்கே பல்லை வைத்தார்.

பிறிஜெற்றைப் படிக்கட்டில் ஒருமுறை விலகிக் கடந்தவர்களுக்கு இந்த ஐம்பத்தெட்டில் சந்தேகம் வரும். புஷ்பராஜுக்கு வராது. "இருபத்தொரு வருஷத்தில அவ எனக்கு ஒரு பொய் சொன்னதில்லை" என்பார். ஆகவே ஹாண்டில் பெயரிங்கை மாற்றினார். குலுக்கல் தாங்கும் முன் சொக்குக்கு ஒயில் மாற்றினார். இரண்டு ரயரும் புதிதாகப் போட்டார். கடைசியில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டும் எட்டுக் கிலோ பருப்பும் பின்சீற்றில் கட்டி, மரைன் டிரைவ் முழுக்க ஓடிப் பார்த்தார். ஒரு நடுக்கம் இல்லை. திரும்பி வந்த மனுஷன் பேசாமல் இருந்திருக்கலாம்.

"அரிசி ஒழுங்கா இருக்குது. நீர்தான் வளைவில ஆடுறீர்" என்றார் மனைவியிடம்.

சொல்லுவாரா ஒருத்தர் இப்படி! அன்றோடு பிறிஜெற் பின்சீற்றில் ஏறுவதை நிறுத்திவிட்டார். செவ்வாய்தோறும் இருவரும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் சேர்ந்து போவது வழக்கம். இப்போது அவர் முன்னால் ஓட்டோவில் போக, இவர் பின்னால் தனியே மோட்டார் சைக்கிளில் போகிறார்.

"அவ போற வழியெல்லாம் பின்னால இருந்து கதைச்சுக்கொண்டு வருவா. ஹெல்மெற்றுக்குள்ள பாதிதான் விளங்கும். இப்ப அதுவும் இல்லை" என்று என்னிடம் சொன்னார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

போன கிழமை வண்டியை விற்பதென்றே முடிவெடுத்துவிட்டார். சனிக்கிழமை கிராண்ட்பாஸிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறாராம். நேற்றுச் செவ்வாய்ப் பின்னேரம், கடைசியாக ஒருமுறை ஏறிப் பார்க்கும்படி மனைவியைக் கெஞ்சாத குறையாகக் கேட்டார். இவர் கை கழுவ மேலே போனார்.

கோயிலுக்கு வெளிக்கிட்டு நின்ற பிறிஜெற், ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தார். மேலே பார்க்கவில்லை. கீழே கிடந்த ஸ்பானரை எடுத்துக் குந்தி, ஸ்பிரிங்கை ஒரு பல்லு இறுக்கினார். மற்றப் பக்கம் போய் அங்கேயும் ஒன்று. எழும்பி ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டார். பிறகு சற்று யோசித்துவிட்டு, ஹெல்மெற்றோடேயே மறுபடி குந்தி, இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு பல்லு இறுக்கினார்.